அரைப்பேர்



செவ்வாய்க்கிழமை ஒரு மாணவி கேட்ட கேள்வியிலிருந்து எனக்கு இலங்கை மலையகத்தில் இருக்கும் எங்கள் ஹட்டன் நினைவாகவே இருக்கிறது.

நான் வேலை செய்யும் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் புதிதாக ஒரு பட்டப்படிப்பு வரப்போகிறது. இங்கிலாந்தில் ஒரு துறை இதைத் தன் இஷ்டத்துக்குத் தொடங்கிவிட முடியாது. பாடத்திட்டத்தை ஒரு குழுவின் முன் வைக்க வேண்டும். எங்கள் குழுவில் வேறு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். மாணவி ஒருத்தியும் இருந்தாள். குழு திருத்தம் கேட்டால் அது இரண்டு விதமாக வரும். பரிந்துரை என்றால், யோசித்துப் பதில் எழுதினால் போதும். நிபந்தனை என்றால், அதை நிறைவேற்றும்வரை படிப்பைத் தொடங்கக் கூடாது. துறைத்தலைவர் எவ்வளவு பெரியவரானாலும் சரி.

"முதல் பருவ வேலைக்கெல்லாம் வீட்டில் நல்ல மடிக்கணினி வேண்டும் போலிருக்கிறதே, இல்லாதவர் என்ன செய்வார்?" என்றாள் அந்த மாணவி. அது நிபந்தனையாக ஏறியது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

நம் நாட்டிலும் முன்யோசனைக்காரர்கள் இருந்தார்கள். பேராசிரியர் வி. கே. சமரநாயக்க கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கணினிக் கல்விக்குப் போட்ட அடித்தளத்தில் 2000இல் பி.ஐ.டி. என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் வந்தது. பல்கலைக்கழக அனுமதி கிடைக்காத நானும் அந்தக் கதவால்தான் நுழைந்தேன். 2005இல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் எழுந்தது. அங்கே கணினியும் உண்டு, தேயிலைத் தொழில்நுட்பமும் உண்டு. ஆனால் ஹட்டன் இருக்கும் நுவரெலியா மாவட்டத்துக்குள் அரச பல்கலைக்கழகம் ஒன்றுகூட இல்லை. பல்கலைக்கழக அனுமதியில் ஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். அது மாவட்டத்துக்கு, தோட்டத்துக்கு அல்ல. டவுன் பிள்ளையும் பொகவந்தலாவைத் தோட்டத்து லயத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். உயர்தரம்வரை தமிழில் படித்துவிட்டு, முதல் நாளே ஆங்கில விரிவுரையில் உட்கார வேண்டும்.

பாட உதாரணங்களும் அந்நியம்தான்: தரவுத்தளப் பாடத்துக்கு எங்கும் நூலகமும் வங்கியும்தான் உதாரணம். எனக்குத் தரவுத்தளம் விளங்கியது, தோட்டத்தின் கூலிப் பதிவேடான செக்ரோலை நினைத்துப் பார்த்தபோதுதான். அம்மா கொழுந்துக் கூடையை இறக்குவார். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோ கழிப்பார்கள். மீதி நிறை அன்றைய அளவுக்குக் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். கழித்த கிலோ எந்த வரியிலும் ஏறாது. பதியாத தரவு யாரை ஏழையாக்கும் என்று எந்தப் பாடநூலும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. அதை முதல் பாடமாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் எங்கள் பிள்ளைகள் பின்வரிசையில் ஒதுங்க மாட்டார்கள். தேயிலைச் செடிக்கு 1925இலேயே ஆராய்ச்சி நிலையம் அமைத்த நாடு, கொழுந்து பறிப்பவரின் பிள்ளைக்குப் பாடத்திட்டக் குழுவில் ஒரு நாற்காலி போடட்டும்.

அன்றிரவு அம்மாவிடம் போனில் எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"கேள்வி கேட்ட அந்தப் புள்ள எந்தத் தோட்டம்பா?" என்றார்.