பிள்ளை யாருக்குச் சொந்தம்?



மான்குர்த்தில் ஊழியம் செய்கிற என்னிடம் அவ்வப்போது ஒரு முத்திரைத்தாளைக் கொண்டுவருகிறார்கள். கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டார்கள். பிள்ளை தகப்பனோடு இருக்கும். மனைவி ஜீவனாம்சம் கேட்கமாட்டாள் என்று அதில் எழுதியிருக்கும். இரு வீட்டாரும் கையொப்பமிட்டிருப்பார்கள். "பாஸ்டர், நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். நான் போடுவதில்லை. அதன் காரணத்தை நீங்களும் அறிந்திருக்கவேண்டும்.

கிறிஸ்தவர்களின் விவாகரத்து, 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் மாத்திரமே முடிவாகும். சபைத் தீர்ப்பினால் சட்டப்படி திருமணம் முறியாது என்பதை உச்சநீதிமன்றம் 2017-இல் உறுதிசெய்தது. அப்படியிருக்க, ஊர்ப் பெரியவர்கள் எழுதும் காகிதம் எம்மாத்திரம்?

பிள்ளையைக்குறித்து நம்மிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. ஐந்து வயதுவரை தாயிடம், பிறகு தகப்பனிடம் என்கிறார்கள். ஐந்து வயது என்பது இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது. அதிலும் பிறகு தகப்பனுக்கே என்று இல்லை. நமக்கு அப்படி ஒரு வயதுக் கணக்கே கிடையாது. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் பிள்ளையின் நலனையே பார்க்கச் சொல்லுகிறது. விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். சென்னையிலிருந்து சென்ற ரோசி ஜேக்கப் என்னும் கிறிஸ்தவப் பெண்மணியின் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையுமல்ல, விளையாட்டுப் பொருளுமல்ல என்று உச்சநீதிமன்றம் 1973-இலேயே தீர்த்தது. சாலொமோனுக்கு முன் நின்ற உண்மையான தாய், தன் உரிமையைவிடப் பிள்ளையின் உயிரைப் பெரிதாக எண்ணினாள் அல்லவா?

பராமரிப்புச் செலவு வேறு காரியம். பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காகத் தகப்பன் பணத்தை நிறுத்தலாகாது. பணம் வரவில்லை என்பதற்காகத் தாய் பிள்ளையை மறைக்கலாகாது. "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று தாய் எழுதிக்கொடுத்தாலும், பிள்ளையின் உரிமை அதனால் அழியாது.

பராமரிப்புக் கேட்க விவாகரத்து வரை காத்திருக்கவேண்டியதில்லை. முன்பு 125-ஆம் பிரிவு என்று நாம் அறிந்திருந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144-ஆம் பிரிவாயிருக்கிறது. கணவன் திருநெல்வேலிக்குப் போய்விட்டாலும், மனைவி தான் குடியிருக்கும் மும்பையிலேயே மனுச் செய்யலாம். வருமானத்தையும் சொத்தையும் இருவரும் பிரமாணப் பத்திரத்தில் காட்டவேண்டும். மனுச் செய்த நாள்முதல் தொகை கணக்கிடப்படவேண்டும் என்று 2020-இல் ரஜ்னேஷ் வழக்கில் தீர்ப்பாயிற்று. உத்தரவிட்டும் கொடாதவனுக்குச் சிறையும் உண்டு.

"வக்கீலுக்குப் பணம் எங்கே?" என்று கேட்கிறீர்களா? பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேளுங்கள். குடும்ப நீதிமன்றம் பாந்த்ராவில் இருக்கிறது; குர்லாவில் இறங்கிப் போகலாம். அங்குள்ள ஆலோசகர்கள் முதலில் சமாதானத்துக்கே வழி தேடுவார்கள்.

பிரியமானவர்களே, பிரிவினையை நான் போதிக்கவில்லை. இணைந்து வாழக்கூடியவர்களுக்காக முழங்காலில் நிற்போம். ஆனால் பிரிவு வந்துவிட்ட வீட்டில், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் சாப்பாட்டையும் ஒரு காகிதத்தில் எழுதித் தள்ளிவிட நாம் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டாம். அந்தத் தாயோடு துணைக்கு ஒருவர் பாந்த்ரா வரைக்கும் போய்வாருங்கள். அதுவும் ஊழியமே.