பாட்டின் வயது

தமிழர் தொகுத்துப் பழகியவர்கள். சங்கச் செய்யுட்களைத் தொகையாக்கிய முன்னோர் முதலில் வரையறை வகுத்துக்கொண்டே பணியில் இறங்கினர். 4 முதல் 8 அடி வரையுள்ளவை குறுந்தொகை. 9 முதல் 12 வரை நற்றிணை. 13 முதல் 31 வரை அகநானூறு. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி என்னும் குறிப்பும் நூலோடு வழிவழியாக வந்துள்ளது. குறுந்தொகையில் 307, 391 ஆகிய இரு பாடல்கள் 9 அடிகளாய் நிற்பதை அறிஞர்கள் இன்றும் சுட்டிக்காட்டுகின்றனர். ஓரடி மிகுந்தாலும் கணக்குக் கேட்கும் மரபு இது. அம்மரபில் வந்தவர்கள், மேலட்டையில் ‘ஐம்பதுகளின் வெற்றிப் பாடல்கள்’ என்று பொறித்துவிட்டு உள்ளே கைக்கு வந்ததை இட்டு நிரப்புவது விந்தையே.

ஈப்போவின் லிட்டில் இந்தியாக் கடைகளில் இத்தகைய தொகுப்புகள் ஒலிநாடாவாக வந்தன. பின்னர்க் குறுந்தட்டாக வந்தன. இப்போது பென்டிரைவுக்குள் அடங்கிவிட்டன. பாடல்களின் எண்ணிக்கை பெருகப் பெருக, அவற்றைப் பற்றிய குறிப்பு சுருங்கிக்கொண்டே போயிற்று. பழைய இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய தாளில் படத்தின் பெயரும் பாடியவர் பெயரும் இருந்தன. ஆண்டு மட்டும் பெரும்பாலும் இல்லை. திரையரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் கவிஞர் பெயரும் இருந்தது. பென்டிரைவிலோ ஓர் எண்ணும் பாட்டின் முதற்சொல்லும் மட்டுமே மிஞ்சுகின்றன. பிழை நுழைய இதைவிட அகலமான வாயில் வேண்டுவதில்லை.

நுழையும் பிழைகளும் ஒருவகைப்பட்டவை அல்ல. டி. எம். சௌந்தரராஜனின் முதல் படமான ‘கிருஷ்ண விஜயம்’ 1950-இல் வந்தது. அதில் அவர் தியாகராஜ பாகவதரின் பாணியிலேயே பாடியிருக்கிறார். ஆகவே குரலை மட்டும் நம்பும் தொகுப்பாளர் அப்பாடலைப் பாகவதர் கணக்கில் எழுதி, நாற்பதுகளுக்குத் தள்ளிவிடக்கூடும். விசுவநாதன்–ராமமூர்த்தி இணை ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு 1965-இல் பிரிந்தது. ‘எங்க வீட்டுப் பிள்ளை’ (1965) இருவருடையது. ‘அன்பே வா’ (1966) விசுவநாதன் ஒருவருடையது. அறுபதுகள் என்றாலே இருவர் பெயரையும் சேர்த்து எழுதிவிடுவது எளிது. ஆனால் அது ராமமூர்த்திக்கு அவர் செய்யாததைக் கொடுப்பதாகும், விசுவநாதனிடமிருந்து அவர் செய்ததைப் பறிப்பதுமாகும். இளையராஜா என்றால் எண்பதுகள் என்று எண்ணுவோர் பலர். ‘அன்னக்கிளி’ 1976, ‘பதினாறு வயதினிலே’ 1977, ‘முள்ளும் மலரும்’ 1978 என்பதை அவர்கள் நினைப்பதில்லை.

பத்தாண்டின் எல்லையோரத்தில் நிற்கும் பாடல்களே தொகுப்பாளரை உண்மையாகச் சோதிப்பவை. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959 அக்டோபரில் மறைந்தார். அவர் பாடல்கள் இடம்பெற்ற ‘இரும்புத்திரை’ 1960 பொங்கலன்று வெளிவந்தது. ஐம்பதுகளில் எழுதப்பட்ட அப்பாடல்கள் எந்தப் பத்தாண்டுக்குரியவை? ‘தேவதாஸ்’ 1953-இல் வந்தது. அதற்கு இசையமைத்த சி. ஆர். சுப்பராமன் 1952-இலேயே மறைந்துவிட, எஞ்சிய பணியை விசுவநாதனும் ராமமூர்த்தியும் முடித்தனர். இனி, பத்தாண்டு என்பதையே எங்கே தொடங்குவது என்பதும் ஒரு வினாவாகும். கான்பூரின் ஹர்மந்திர் சிங் ‘ஹம்ராஸ்’ இந்தித் திரைப்பாடல்களுக்குத் தொகுத்த பெருங்கோசத்தில் ஒரு தொகுதி 1951 முதல் 1960 வரை செல்கிறது. ஒலிநாடாக்காரரின் ஐம்பதுகளோ 1950-இல் தொடங்கி 1959-இல் முடிகின்றன. ‘களத்தூர் கண்ணம்மா’ (1960) ஒரு கணக்கில் உள்ளே நிற்கிறது. மறு கணக்கில் வெளியே போகிறது. எந்தக் கணக்கைக் கொண்டாலும் குற்றமில்லை. கொண்ட கணக்கை அட்டையில் ஒரு வரியில் சொல்லாததே குற்றம்.

‘வெற்றி’ என்ற சொல்லும் ஆராயத்தக்கது. அமெரிக்காவில் பில்போர்டு இதழின் நூறு பாடல் வரிசை 1958 முதல் வாரந்தோறும் வெளிவருகிறது. இந்திப் பாடல்களுக்கு, இலங்கை வானொலியில் 1952-இல் தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’ இருந்தது. தமிழ்த் தொகுப்பாளருக்கு அத்தகைய நெடுநாள் வரிசையொன்று கைகொடுக்கவில்லை. தம் நினைவையே துலாக்கோலாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த நினைவோ இடத்துக்கு இடம் வேறுபடுவது.

பேராக்கின் தோட்டங்களை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். சென்னையில் வெளியான படம் கப்பலேறி, நகரத் திரையரங்குகளில் ஓடித் தேய்ந்து, பின்னரே தோட்டத்துத் திடலில் கட்டிய வெள்ளைத் திரைக்கு வந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இரவில் வெளியே நடமாடுவதே அரிதாயிருந்தது. பால்மரம் வெட்டி வாழ்ந்த மக்களுக்குப் பாட்டு பிந்தி வந்தது. பிந்தி வந்தாலும் வாழ்வோடு ஒட்டிக்கொண்டது.

புந்தோங்கில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், தாம் பிறந்த தோட்டத்து மக்களின் ஒன்றுகூடலுக்காக ஐம்பதுகளின் பாடல்களைத் தொகுத்தார். அந்தத் தோட்டத்தில் இன்று லயங்கள் இல்லை, செம்பனை நிற்கிறது. ‘கல்யாணப் பரிசு’ என்பதற்கு நேரே அவர் 1959 என்று எழுதினார். பட்டியலைப் படிக்கக் கேட்ட மூதாட்டி ஒருவர் மறுத்தார்.

“இல்லீங்க வாத்தியாரே, எங்க அக்கா செத்த வருசம் அது. அறுபத்தொண்ணு. படம் பாத்துட்டு வந்த மறுவாரம் அவ போயிட்டா.”

ஆசிரியர் படத்தின் ஆண்டை எடுத்துச் சொல்லி முடித்திருக்கலாம். சொல்லவில்லை. அந்த அக்காளுக்குக் கல்லறையும் இல்லை, புகைப்படமும் இல்லை. அவர் மறைந்த ஆண்டுக்கு அந்தப் பாட்டொன்றே சான்று. பிழையான தொகுப்பொன்று அப்பாடலை எழுபதுகளில் கொண்டுபோய் வைத்தால், தங்கையின் மனத்தில் நாளடைவில் அந்தச் சாவும் இடம்பெயரும். மூதாட்டியின் 1961-ஐப் படத்தின் ஆண்டாக அச்சிட்டுவிட்டால், நாளை ஒரு மாணவன் அதைக் கொண்டு கட்டுரை எழுதுவான். பட்டுக்கோட்டையார் மறைந்த பின்னும் பாட்டெழுதினார் என்று அவன் முடிவு கட்டினாலும் வியப்பதற்கில்லை.

ஆசிரியர் பட்டியலை இரண்டு கட்டமாகக் கோடிட்டார். முதற் கட்டத்தில் படம் வெளிவந்த ஆண்டு. அதைப் பாட்டுப் புத்தகமும் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் போன்றோர் தொகுத்த தகவல்களும் கொண்டு சரிபார்த்தார். இரண்டாம் கட்டத்தில் அப்பாட்டு தோட்டத்துக்கு வந்த ஆண்டு. அதற்குச் சொன்னவர் பெயரைப் பக்கத்தில் எழுதினார். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்த இடங்களில், ஏட்டுச் சுவடிப் பதிப்பாசிரியர் பாடபேதம் காட்டுவதுபோல, இரண்டையும் விட்டுவைத்தார்.

முதற் கட்டம் முழுதும் நிரம்பிவிட்டது. இரண்டாம் கட்டத்தில் பாதிக்கு மேல் வெறுமையாயிருக்கிறது. அதை நிரப்பத்தக்கவர்கள் எண்பதைக் கடந்தவர்கள். ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் பத்து காஜாவிலும் தங்கள் பிள்ளைகளின் வீடுகளில் இருக்கிறார்கள்.