பேத்தியின் பெயரில் ஒரு கப்பல்

"குழந்தைக்காகத்தான் இவ்வளவும்" என்று வீட்டில் யாராவது சொல்லிவிட்டால் செலவுக் கணக்கு அதோடு மூடிவிடும். காதுகுத்துக்கு மண்டபம் பிடிப்பதும், முதல் பிறந்தநாளுக்கு முந்நூறு பேரை அழைப்பதும் அந்த ஒரு சொல்லில் நியாயமாகிவிடுகின்றன. இப்போது அந்த வரிசையில் கப்பல் சுற்றுலாவும் சேர்ந்திருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவோ நான்கு இரவோ மலாக்கா நீரிணையில் போய்த் திரும்பும் கப்பலில் தாத்தா, பாட்டி, மகள், மருமகன், இரண்டு வயதுப் பேத்தி என்று ஐந்து பேர் ஏறப்போவதாக வைத்துக்கொள்வோம். விளம்பரப் படத்தில் இருக்கும் சறுக்குமரம், நீச்சல் குளம், பொம்மை வேடம் போட்டவர்கள் எல்லாம் பேத்திக்கு என்றுதான் பேச்சு தொடங்கும். நான் சொல்ல வருவது அதற்கு நேர் எதிரானது. இந்தப் பயணம் குழந்தைக்காக அல்ல, பெரியவர்களுக்காக. அதைக் கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்ளும் குடும்பம் நன்றாகத் திட்டமிடும். ஒப்புக்கொள்ளாத குடும்பம் குழந்தையின் பெயரில் தேவையில்லாததையெல்லாம் வாங்கிவிட்டு, தேவையான இரண்டு மூன்றைக் கோட்டைவிடும்.

முதல் சான்று நினைவு. பெரியவர்களிடம் அவர்களுடைய மிகப் பழைய நினைவு எது என்று கேட்டு ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, சராசரியாக மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தையது எதுவும் தங்குவதில்லை என்பதைத்தான். உளவியலில் இதற்குக் குழந்தைப் பருவ மறதி என்று பெயரே உண்டு. இரண்டு வயதில் பார்த்த கடல் அவளுக்குப் பின்னாளில் போனில் இருக்கும் படமாகத்தான் தெரியும். இரண்டாவது சான்றைக் கப்பல் நிறுவனங்களே எழுதி வைத்திருக்கின்றன, ஆனால் பொடி எழுத்தில். டயப்பர் கட்டிய குழந்தை நீச்சல் குளத்தில் இறங்கக் கூடாது. நீச்சலுக்கென்றே விற்கும் டயப்பராக இருந்தாலும் அதே பதில்தான். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களுக்கு அந்நாட்டுச் சுகாதாரத் துறை விதித்த விதி இது. மற்றக் கடல்களிலும் பெரும்பாலும் இதுவே வழக்கம். சில கப்பல்களில் மட்டும் கைக்குழந்தைகளுக்கென்று தனியாகத் தண்ணீர் தெளிக்கும் இடம் ஒன்று உண்டு. கட்டணமில்லாத குழந்தைகள் கிளப் பெரும்பாலான கப்பல்களில் மூன்று வயது நிறைந்து, தானே கழிப்பறைக்குச் சொல்லத் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான். அதற்குக் கீழே என்றால் காப்பகம், அதுவும் இருக்கிற கப்பலில், மணிக்கு இவ்வளவு என்று கட்டணத்தோடு. ஆனால் டிக்கெட் என்று வரும்போது கதை வேறு. விமானத்தில் இரண்டு வயது நிறையும்வரை மடிக்குழந்தை என்று ஒரு கணக்கு உண்டு. கப்பலில் அது கிடையாது. உயிர்காப்புப் படகில் அவளுக்கும் ஓர் இடம் எண்ணியாக வேண்டும் என்பதால் ஆறு மாதக் குழந்தையும் ஒரு தலைதான். ஆக, பணம் கட்டும் இடத்தில் பேத்தி முழு ஆள். நீச்சல் குளத்தருகே ஆளே இல்லை. அவளுக்கு உண்மையில் பிடிக்கப்போவது லிப்டின் பொத்தான்கள், ஓடி ஓடித் தீராத நடைக்கூடம், வெட்டிவைத்த தர்பூசணி. இவற்றுக்காக யாரும் கப்பல் ஏற வேண்டியதில்லை.

அப்படியானால் பெரியவர்களுக்கு என்ன வேண்டும்? யாரும் சமைக்காமல், யாரும் பாத்திரம் தேய்க்காமல், தினமும் பெட்டி கட்டி அவிழ்க்காமல் நான்கு நாள் ஒன்றாக இருப்பது. மகளுக்குப் பிள்ளை பெற்றபின் வராமல் போன, இடையில் யாரும் எழுப்பாத ஒரு மணி நேரம். தாத்தாவுக்கு முழங்கால் வலிக்காத கடற்கரை. இதை அடைய வேண்டுமானால், வேடிக்கையாக, திட்டத்தின் அச்சாணியாகக் குழந்தையின் தூக்கத்தைத்தான் வைத்தாக வேண்டும். அவள் நேரத்துக்குத் தூங்கிச் சாப்பிட்டால்தான் மற்ற நால்வருக்கும் பயணம் உண்டு. "குழந்தைக்காக" என்று நினைக்கிறவர்கள் எந்தத் துறைமுகத்தில் என்ன பார்க்கலாம் என்று தேடுவார்கள். தங்களுக்காக என்று தெரிந்தவர்கள் மத்தியானம் ஒன்றரை மணிக்கு அவள் எங்கே படுத்திருப்பாள் என்று முதலில் கேட்பார்கள். இரண்டாவது கேள்வியிலிருந்துதான் நல்ல விடைகள் வருகின்றன.

வழியைத் தேர்ந்தெடுப்பதிலேயே இது தெரிந்துவிடும். மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் மலேயா, மறுபக்கம் சுமத்ரா. இந்தியப் பெருங்கடலின் அலையைச் சுமத்ரா முதுகில் வாங்கிக்கொள்வதால் உள்ளே கடல் பெரும்பாலும் குளம் போலக் கிடக்கும். விடியற்காலையில் சில மாதங்களில் அடிக்கும் திடீர்க் காற்றுமழைக்கு அங்கே சுமத்ரா என்றே பெயர், ஆனாலும் ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். சென்னையிலிருந்தே ஏறலாமே என்று கேட்பவர்களுக்கும் வழி திறந்ததுண்டு. 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் போயிற்று. விமானம் ஏற வேண்டாம் என்பது சின்னக் குழந்தையோடு போகிறவர்களுக்குப் பெரிய லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது திறந்த வங்கக் கடல். தென்மேற்குப் பருவக்காற்றில் இலங்கையின் தெற்குக் கரை கொந்தளிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். மாதத்தைப் பார்க்காமல் சலுகையைப் பார்த்துச் சீட்டுப் போடக் கூடாத வழி அது. துறைமுகங்களிலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் உண்டு. பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே இருக்கிறது. இறங்கிக் கொஞ்சம் நடந்தால் லிட்டில் இந்தியா, குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், பிறகு ஒரு தேநீர், பத்தரை மணிக்குள் கப்பலுக்குத் திரும்பிவிடலாம். கிள்ளான் துறைமுகத்தில் இறங்கினால் கோலாலம்பூருக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல்; திரும்ப அதே அளவு. இரட்டைக் கோபுரத்தடியில் எடுத்த படத்தில் குழந்தை அழுதுகொண்டிருக்கும். புக்கெட்டில் பெரும்பாலும் கப்பல் கரையை ஒட்டாமல் தள்ளி நங்கூரமிட்டு, சிறு படகில் ஆட்களை இறக்குவார்கள். ஆடுகிற படகில் ஒரு கையில் தள்ளுவண்டி, ஒரு கையில் குழந்தை, பின்னால் மாமியார் என்று இறங்கும் மருமகனை நினைத்துப் பார்க்கலாம். அங்கே இறங்காமல் இருப்பதே நல்லது. பாதிப் பேர் கரைக்குப் போன நாளில்தான் கப்பலில் உட்கார நிழலும் வரிசையில்லாத சாப்பாடும் கிடைக்கும்.

இந்தக் கடலுக்கும் நமக்கும் உள்ள உறவைக் கொஞ்சம் நினைத்துக்கொள்வதும் தகும். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று சுமார் அரை நூற்றாண்டு ஓடியது. அதற்குப் பிறகு வந்த எம்.வி. சிதம்பரம் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் தடமே அற்றுப்போயிற்று. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, கைக்குழந்தையோடு நாள்கணக்கில் போன தாய்மார்கள் அதில் உண்டு. குழந்தையின் சந்தோஷத்துக்காகப் போகிறோம் என்று அவர்களில் எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிழைக்கப் போனார்கள், குழந்தையும் கூட வந்தது.

அறை விஷயத்தில் பணம் தவறான இடத்தில் போவதைத்தான் அதிகம் பார்க்க முடிகிறது. பால்கனி வைத்த பெரிய அறை ஒன்றை எடுத்து ஐந்து பேரும் நெருக்கிக்கொள்வதைவிட, உள்ளே கதவு வைத்து இணைத்த சாதாரண அறைகள் இரண்டு மேல். சாதாரண அறை பெரும்பாலும் 160 முதல் 180 சதுர அடிதான். அதில் குழந்தை எட்டு மணிக்குத் தூங்கிவிட்டால் மற்றவர்கள் இருட்டில் கிசுகிசுத்துக்கொண்டு உட்கார வேண்டும். இரண்டு அறை என்றால் ஒன்றில் தூக்கம், ஒன்றில் சீட்டுக்கட்டு. நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் கேட்டு வாங்க வேண்டும். சீசாவில் நடுவில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் தெரியாததைப் போல அங்கே அசைவு குறைவு. தூளி கட்ட அங்கே உத்தரம் கிடையாது. மடக்குத் தொட்டிலை முன்கூட்டியே சொல்லி வைத்தால் கொண்டுவந்து போடுவார்கள். குளியலறையில் ஷவர் மட்டும்தான், வாளி இல்லை. பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் மக் வைத்துக்கொண்டால் போதும். ஆனால் பாட்டி ஆசையாக எடுத்து வைக்கும் சின்ன எலெக்ட்ரிக் குக்கரையும் கெட்டிலையும் ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். கடலில் தீயைவிடப் பெரிய பயம் இல்லை, அதனால் சூடேற்றும் சாதனம் எதுவும் கூடாது. சோற்றைக் குழைத்துத் தரச் சொன்னால் சமையலறையில் செய்து தருவார்கள், தயிரும் கிடைக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு பந்தி இருந்தால், ஆறு மணியை ஒட்டிய முதல் பந்தியை எழுதிக்கொள்வது நல்லது. எட்டு மணிப் பந்தி பகட்டாகத்தான் இருக்கும், தூக்கக் கலக்கத்தில் கத்தும் குழந்தை அதில் யாருக்கும் அழகில்லை.

கடலில் கொண்டுபோய்ச் சின்னக் குழந்தையை விடுவதா என்று வீட்டில் ஒருவராவது கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பயம் சரியான இடத்தில் இருக்க வேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்தபோது, அன்று ஏறிய பலருக்கு அவசரகாலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகு சர்வதேச விதி திருத்தப்பட்டு, 2015 முதல் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும். 15 கிலோவுக்குக் கீழே எடையுள்ள குழந்தைகளுக்கெனத் தனி மிதவை அங்கி உண்டு. ஒரு நாளோ அதற்கு மேலோ நீளும் பயணத்தில் ஏறியிருக்கும் அத்தகைய ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்று இருக்க வேண்டும். இவளுடையது எங்கே என்று முதல் நாளே கேட்டுவிடலாம். ஆபத்து பெரும்பாலும் அலையில் இல்லை, கைப்பிடியில் இருக்கிறது. 2019 ஜூலையில் சான் ஹுவான் துறைமுகத்தில், நகராமல் நின்றிருந்த ஒரு கப்பலின் பதினொன்றாம் தளத்தில், தாத்தா தூக்கிப் பிடித்திருந்த பதினெட்டு மாதக் குழந்தை திறந்த ஜன்னல் வழியே விழுந்து இறந்தது. கண்ணாடி மூடியிருப்பதாக நினைத்தேன் என்றார் அவர். வேடிக்கை காட்டத் தூக்குவது எல்லாத் தாத்தாவுக்கும் வரும் ஆசை. கப்பலில் விளிம்பருகே குழந்தை இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும். பால்கனி வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு விலை மட்டும் காரணமல்ல. இன்னொன்று, பேருந்துப் பயணத்துக்கு நம் வீடுகளில் வைத்திருக்கும் அவோமின். அது புரோமெதசின் வகை. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் தரவே கூடாது, மூச்சை அடக்கிவிடும். நிறைந்த பிறகும் மருத்துவர் சொன்னால்தான். அந்த வயதில் கடல்மயக்கம் பெரும்பாலும் வருவதில்லை என்பதால் தேவையும் குறைவு. பாட்டி போட்டுக்கொண்டால் தூக்கக் கலக்கத்தில் குளியலறையில் வழுக்கலாம். கப்பலில் மருத்துவர் இருப்பார், குழந்தை மருத்துவர் பெரும்பாலும் இருக்க மாட்டார், கட்டணம் தனி. ஆகவே பயணக் காப்பீடு ஐந்து பேருக்கும் வேண்டும்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்காக என்றால் எந்தப் பெரியவர்களுக்காக? மகளும் மருமகனும் நாடகம் பார்க்கப் போக, தாத்தாவும் பாட்டியும் சம்பளமில்லாத ஆயாவாக அறையில் கிடப்பதற்கா? பல குடும்பங்களில் நடப்பது இதுதான், அதிலும் டிக்கெட் பணமே தாத்தாவின் ஓய்வூதியச் சேமிப்பாக இருக்கும்போது கசப்பு இரட்டிப்பாகும். இதற்கு என் பதில், முறை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான், அதுவும் பணம் கட்டுவதற்கு முன்பே. இரவு எழுந்தால் யார் எடுப்பது, எந்தெந்த மாலை யாருக்கு என்று பேசுவது நம் வீடுகளில் மரியாதைக் குறைவாகப் படும். பேத்தியைப் பார்த்துக்கொள்ள முறையா என்று பாட்டியே முதலில் கோபப்படுவார். ஆனால் "குழந்தைக்காக" என்ற சொல் மறைப்பது இந்த உழைப்பைத்தான். பயணம் நம் எல்லோருக்கும் என்று சொன்ன பிறகுதான் பாட்டிக்கும் அதில் ஒரு மாலை உண்டு என்பது பேச்சில் வரும். மத்தியானம் முதியவர்களுக்கும் குழந்தைக்கும் ஒரே நேரத்தில் கண் சொக்கும் என்பதால் அந்தப் பொழுதை இளையவர்களுக்கு விட்டுவிடலாம். அது தியாகமாகாது, எப்படியும் படுக்கத்தான் போகிறார்கள்.

அவளுக்கு நினைவு தெரிந்த பிறகு, ஆறேழு வயதில் போனால் என்ன என்பது கடைசி மறுப்பு. நினைவைப் பற்றி நானே சொன்னதை எடுத்து என்மேலேயே வீசுவது, ஆகவே பதில் சொல்லத்தான் வேண்டும். பள்ளியில் சேர்ந்துவிட்டால் கோடை விடுமுறைதான், அப்போது கட்டணமும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். எழுபதைத் தாண்டியவருக்குப் பயணக் காப்பீடு கிடைப்பது கடினம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். முழங்காலும் காத்திருக்காது. இதெல்லாம் கணக்கு. கணக்குக்கு வராத ஒன்றும் இருக்கிறது. இப்போது அவளுக்கு எடுக்கும் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். அதைப் புதுப்பிக்கும்போது அவளுக்கு ஏழு வயது. கிளப்பில் சேர்ப்பார்கள், குளத்தில் விடுவார்கள், பார்த்ததையெல்லாம் நினைவிலும் வைத்திருப்பாள். காலை இட்லி முடிந்ததும் புதுச் சிநேகிதிகளோடு மேல்தளத்துக்கு ஓடினால் இனி சாப்பாட்டு நேரத்துக்குத்தான் கண்ணில் படுவாள். இரண்டு வயதில், ஒன்றரை மணிக்கு, திரைச்சீலை இழுத்த அறையில், அவள் பாட்டியின் தோளில்தான் தூங்குவாள்.