ஏழு முறை கழுவுதல்

சில ஆண்டுகளுக்கு முன், பினாங்கில் எங்கள் பள்ளி வளாகத்துக்குள் வந்த தெருநாயொன்று, தமிழ் முஸ்லிம் மாணவன் ஒருவனின் கையை நக்கிவிட்டது. வகுப்புக்கு வராமல் அவன் குழாயடியிலேயே நின்றான். பிள்ளைகள் சிரித்தனர். "வாயில்லா ஜீவனிடம் இத்தனை அருவருப்பா?" என்று நானும் கடிந்துகொண்டேன்.

மாலையில் அவனை அழைத்துச் செல்ல வந்த பாட்டனார் பொறுமையாக விளக்கினார். "டீச்சர், இது வெறுப்பில்லை; தொழுகைக்கான தூய்மை. நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். இருபுறமும் உலர்ந்திருந்தால் கழுவத் தேவையில்லை."

மலேசிய முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் சட்டம் இது. மாலிக்கி மத்ஹபிலோ உயிருள்ள நாய் அசுத்தமன்று. தாகத்தால் தவித்த நாய்க்குத் தம் காலணியில் நீர் மொண்டு புகட்டியவரை இறைவன் மன்னித்தான் என்னும் நபிமொழியையும் பெரியவர் நினைவூட்டினார்.

1801-இல் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை நாள்தோறும் கடந்து சென்றும், இதனை நான் அறிந்திருக்கவில்லை. மறுநாள் வகுப்பின் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! கண்டிக்கும் முன் காரணத்தைக் கேட்போம். பிள்ளைகளுக்குக் காரணம் தெரியும். சொல்லத்தான் நாம் இடமளிப்பதில்லை.