காத்திருக்க ஒரு வருசம்

தேனியிலிருந்து மதுரை பஸ்ஸில் போனவர்களுக்கு க.விலக்கு தெரிந்திருக்கும். அங்கேதான் எங்க மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி, 2004-இல் வந்தது. கல்லூரி பக்கத்தில் வந்துவிட்டது, சரி. உள்ளே போகிற வழிதான் மாறிக்கொண்டே இருக்கிறது.

நுழைவுத்தேர்வை 2007-இல் எடுத்தார்கள். அப்புறம் பத்து வருசம் ப்ளஸ் டூ மார்க்தான். உயிரியலுக்கு 100, இயற்பியல் வேதியியல் சேர்த்து 100, ஆக 200-க்கு கட்-ஆஃப். அதிலும் மனப்பாடம், ‘பிராய்லர்’ பள்ளிக்கூடம்னு ஆயிரம் கோளாறு உண்டுங்க. ஆனாலும் ஒரே தடவையில் முடிவு தெரிந்துவிடும். 2017-இல் நீட் வந்தது. நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-இல் கொடுத்த கணக்கைப் பாருங்கள்: எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் மறுபடி எழுதி வந்தவர்கள் 2016-17-இல் 12 சதவீதம் சொச்சம், 2020-21-இல் 71 சதவீதம்!

அதாவது மார்க் மட்டும் பத்தாது. வீட்டில் உட்கார ஒரு வருசமும், அதற்குக் காசும் வேணும்.

ஜெர்மனியில் ஒரு கூத்து இருந்தது. பள்ளி இறுதி மார்க் குறைந்தவர்களுக்கு, காத்திருந்த காலத்தையே தகுதியாக வைத்து மருத்துவத்தில் 20 சதவீத இடம். நர்ஸ் வேலை, ஆம்புலன்ஸ் வேலை பார்த்துக்கொண்டே ஏழு வருசம்கூட காத்துக் கிடந்தார்கள். இவ்வளவு நீளக் காத்திருப்பு செல்லாது என்று 2017 டிசம்பரில் அவர்கள் அரசியல் சாசன நீதிமன்றம் சொல்ல, அந்த முறையே போய்விட்டது. இருந்தாலும் அங்கே காத்திருந்தவன் சம்பளம் வாங்கினான். இங்கே காத்திருப்பவன் பீஸ் கட்டுகிறான் :-)

அக்கா மகள், "இன்னொருவாட்டி எழுதட்டா மாமா?" என்றாள். மச்சானுக்குத் திராட்சைப் பந்தலில் கூலி வேலை. கோச்சிங், ஹாஸ்டல் எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள, விக்கணும்னா வீடுதான் இருக்கு" என்றார்.

7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே என்பீர்கள். நல்ல விசயம்தான். அது வந்த 2020-இல் எங்க மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவர் ஒருவர் நீட்டில் 664 எடுத்தார். அவருக்கும் அது இரண்டாவது முயற்சி. ஆனால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இவள் படித்ததோ அரசு உதவிபெறும் பள்ளி. அதே விலையில்லா புத்தகம், அதே விலையில்லா சைக்கிள், இந்த ஒதுக்கீடு மட்டும் கிடையாது. அக்காவுக்கு இதைப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

இப்போது பி.எஸ்சி.க்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். நீட் புத்தகங்களை மட்டும் எடைக்குப் போட விடமாட்டேன் என்கிறாள்.