தோற்ற பாட்டு, விழுந்த ஆட்சி

ஐரோப்பியப் பாடல் போட்டியில் கடைசி இடம். 18 நாட்கள் கழித்து அதே பாட்டு ஒரு புரட்சிக்குச் சமிக்ஞை. லிஸ்பன் நகரம் அந்த இரவை இன்னும் மறக்கவில்லை.

லிஸ்பனின் கடைவீதியிலிருந்து ஸாந்தா ஜுஸ்தா என்ற பழைய இரும்பு லிஃப்டில் ஏறினால் கார்மு சதுக்கத்துக்குப் போய்விடலாம். 1755 பூகம்பத்தில் கூரையை இழந்த மடாலயம் இன்றும் வானத்தைப் பார்த்தபடி நிற்கிறது. சதுக்கத்தின் நடுவில் ஒரு பழைய நீரூற்று. சுற்றிலும் ஜாகரண்டா மரங்கள். நிழலில் காபிக் கடை நாற்காலிகள். மடாலயத்தை ஒட்டியுள்ள கட்டடம் தேசியக் காவல் படையின் தலைமையகம். வாசலில் நிற்கும் காவலரோடு படம் எடுத்துக்கொண்டு சுற்றுலாப் பயணிகள் நகர்ந்துவிடுகிறார்கள்.

ஆனால் 48 ஆண்டுகள் நீடித்த ஒரு சர்வாதிகாரம் 1974 ஏப்ரல் 25 மாலை இந்தக் கட்டடத்துக்குள்தான் முடிந்தது. அதன் முடிவை முதலில் அறிவித்தது ஒரு காதல் பாட்டு. அதுவும் போட்டியில் படுதோல்வி அடைந்த பாட்டு.

யூரோவிஷன் போட்டி 1956இல் தொடங்கியது. ஒவ்வொரு நாட்டுத் தொலைக்காட்சியும் ஒரு பாட்டை அனுப்பும். மற்ற நாடுகள் மதிப்பெண் போடும். போர்ச்சுகல் முதன்முதலாக 1964இல் கோபன்ஹேகனுக்குப் போனது. கிடைத்தது பூஜ்யம். அந்த இரவில் பார்வையாளர்களின் நினைவில் நின்றது போர்ச்சுகலின் பாட்டு அல்ல. ஸ்பெயினின் ஃபிராங்கோவையும் போர்ச்சுகலின் சலஸாரையும் புறக்கணிக்கச் சொல்லும் பதாகையோடு மேடை ஏறிய ஓர் ஆசாமிதான். அவரைச் சில நொடிகளில் இழுத்துச் சென்றார்கள்.

சலஸார் பொருளாதாரப் பேராசிரியர். 1932இல் பிரதமரானவர், 1968இல் உடல்நலம் கெட்டு விலகும்வரை நாட்டைப் பிடியில் வைத்திருந்தார். பத்திரிகை, நாடகம், பாட்டு எல்லாவற்றையும் தணிக்கை அதிகாரிகளின் பென்சில் கடந்துதான் வெளியே வர வேண்டும். அவருக்குப் பின் வந்த மார்செலு கயெத்தானு ஆட்சியிலும் பென்சில் ஓயவில்லை. கவிஞர்கள் மறைத்துப் பேசக் கற்றுக்கொண்டார்கள். 1973இல் யூரோவிஷனுக்குப் போன பாட்டு காளைச் சண்டையைப் பற்றியது. மேலோட்டமாகக் கேட்டால் அவ்வளவுதான். உன்னிப்பாகக் கேட்டவர்களுக்கு அது ஆட்சியைக் கிண்டல் செய்வது புரிந்தது.

அடுத்த ஆண்டுப் பாட்டில் அப்படி எந்த உள்ளர்த்தமும் இல்லை. ஜோஸே நீஸா எழுத, ஜோஸே கல்வாரியு இசையமைத்தார். தலைப்பின் பொருள் ‘விடைபெற்ற பிறகு’. காதலியைப் பிரிந்தவனின் புலம்பல். 26 வயது பாவுலு கார்வாலியு 1974 ஏப்ரல் 6 அன்று இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் அதைப் பாடினார். 17 நாடுகள் பங்கேற்ற போட்டியில் ஸ்வீடனின் ‘அபா’ குழு வென்று உலகப் புகழ் பெற்றது. போர்ச்சுகலுக்கு 3 புள்ளி. வேறு மூன்று நாடுகளோடு சேர்ந்து கடைசி இடம்.

அவர் ஊர் திரும்பியபோது ராணுவ முகாம்களில் வேறொரு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அங்கோலா, கினி பிசாவ், மொஸாம்பிக் ஆகிய ஆப்பிரிக்கக் காலனிகளில் 1961 முதல் போர். வெல்லவும் முடியாத, நிறுத்தவும் அரசு விரும்பாத போர். சலித்துப்போன இளம் அதிகாரிகள், பெரும்பாலும் கேப்டன்கள், ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டார்கள். திட்டத்தை வகுத்தவர் மேஜர் ஓத்தெலு. லிஸ்பனின் ஓரத்தில் உள்ள பொந்தீன்யா முகாமில் அவர் கட்டளை மையத்தை அமைத்தார்.

பல முகாம்கள் ஒரே நேரத்தில் தயாராக வேண்டும். தொலைபேசியை நம்ப முடியாது. ரகசியப் போலீஸ் ஒட்டுக் கேட்கும். எல்லோரிடமும் இருந்த சாதனம் வானொலிப் பெட்டி. குறித்த நேரத்தில் குறித்த பாட்டு ஒலித்தால் காரியம் தொடங்கிவிட்டது என்று பொருள். எந்தப் பாட்டு? எதிர்ப்பாளர் பாட்டைப் போட்டால் உடனே சந்தேகம் வரும். பிரைட்டனில் தோற்ற காதல் பாட்டையோ வானொலியில் அடிக்கடி போடுகிறார்கள். தணிக்கை அதிகாரி நூறு முறை படித்தாலும் அதில் அடிக்கோடிட எதுவும் கிடைக்காது. அதனால்தான் அது தேர்வானது.

ஏப்ரல் 24, புதன்கிழமை இரவு 10.55. லிஸ்பனின் தனியார் வானொலி ஒன்றில் அறிவிப்பாளர் மணி பதினொன்றாக ஐந்து நிமிடம் இருப்பதாகச் சொல்லிவிட்டு அந்தப் பாட்டைப் போட்டார். வீடுகளில் கேட்டவர்களுக்கு அது வழக்கமான பாட்டு. முகாம்களில் கேட்டவர்கள் எழுந்தார்கள். பாடியவருக்கே இந்த விஷயம் தெரியாது.

அந்த வானொலி லிஸ்பன் வட்டாரத்தைத் தாண்டி எட்டாது. எனவே இரண்டாவது சமிக்ஞை, நாடு முழுவதும் கேட்கும் கத்தோலிக்க வானொலியிலிருந்து. நள்ளிரவு 12.20க்கு ஜோஸே அஃபோன்ஸோவின் ‘கிராந்தோலா’ ஒலித்தது. தென்பகுதி ஊர் ஒன்றின் தோழமையைப் போற்றும் பாட்டு. பின்னணியில் சரளைக் கற்களில் நடக்கும் காலடி ஓசை. அவரது பல பாடல்களுக்குத் தடை இருந்தும் இது தப்பியிருந்தது. இனித் திரும்பிப் போக முடியாது என்பதே அதன் பொருள். முதல் பாட்டு தயாராகச் சொன்னது; இரண்டாவது புறப்படச் சொன்னது.

80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஸாந்தரெம் நகரிலிருந்து கேப்டன் ஸால்கெய்ரு மாயா சுமார் 240 வீரர்களோடு லிஸ்பனுக்கு வந்தார். ஆற்றங்கரையில் எதிர்கொண்ட அரசுத் தரப்பு அதிகாரி சுட உத்தரவிட்டார். அவரது வீரர்களே மறுத்தார்கள். வானொலி அறிவிப்பு மக்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னது. யாரும் கேட்கவில்லை. கார்மு சதுக்கத்தில் மரங்களிலும் கூரைகளிலும் ஜனங்கள். செலஸ்த் கயேய்ரு என்ற உணவகப் பணிப்பெண் கையில் கார்னேஷன் பூக்கள் இருந்தன. சிகரெட் கேட்ட வீரருக்குக் கொடுக்க அவரிடம் வேறொன்றும் இல்லை. பூவைக் கொடுத்தார், வீரர் அதைத் துப்பாக்கிக் குழலில் செருகினார். புரட்சிக்குப் பெயர் கிடைத்தது.

காவல் படைத் தலைமையகத்தில் ஒளிந்திருந்த கயெத்தானு மாலையில் ஜெனரல் ஸ்பினோலாவிடம் அதிகாரத்தை ஒப்படைத்துவிட்டு, கவச வண்டியில் வெளியேறினார். ஆனால் ரத்தமே சிந்தவில்லை என்பது சரியல்ல. சில தெருக்கள் தள்ளி ரகசியப் போலீஸ் தலைமையகத்திலிருந்து கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள்; நான்கு பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடம் பின்னர் சொகுசுக் குடியிருப்பாகிவிட்டது. நால்வரின் பெயர்களைத் தாங்கிய கல் மட்டும் சுவரில் இருக்கிறது.

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1961 டிசம்பரில் இந்தியப் படை கோவாவுக்குள் நுழைந்தபோது, கடைசி வீரன்வரை போராடச் சொன்னார் சலஸார். கவர்னர் ஜெனரல் வஸாலு இ ஸில்வா உயிர்ச்சேதத்தைத் தவிர்க்கச் சரணடைந்தார். அதற்காக ராணுவத்திலிருந்து நீக்கப்பட்டார். 13 ஆண்டுகள் லிஸ்பன் கோவாவை இந்தியாவின் பகுதியாக ஏற்கவில்லை. புரட்சிக்குப் பிறகு, 1974 டிசம்பர் 31 அன்று புதுடில்லியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஏற்றது. கவர்னருக்கும் பதவி மரியாதை திரும்பியது. கோவாவில் வளர்ந்த எழுத்தாளர் ஒர்லாந்து த கோஸ்தாவை ரகசியப் போலீஸ் கைது செய்த காலம் ஒன்று உண்டு. அவர் மகன் அந்தோனியு கோஸ்தா 2015 முதல் 2024 வரை போர்ச்சுகலின் பிரதமர்.

1975 யூரோவிஷனுக்குப் போர்ச்சுகல் அனுப்பியது புரட்சியில் பங்கேற்ற ஒரு கேப்டனை. துவார்த் மெந்தஸ் விடியலைப் பற்றிப் பாடினார். கிடைத்தது 16வது இடம். முதல் வெற்றிக்கு 2017வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அக்கா லூயிஸா எழுதிய மென்மையான பாட்டை ஸால்வதோர் ஸோப்ரால் கீவ் நகரில் பாடி, 758 புள்ளிகளோடு வென்றார். மறு ஆண்டு போட்டி லிஸ்பனிலேயே நடந்தது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 25 அன்று சிவப்புக் கார்னேஷன்களோடு ஊர்வலம் போகிறவர்கள் பாடுவது ‘கிராந்தோலா’. கூட்டமாகப் பாட ஏற்ற பாட்டு அது. பிரைட்டனில் தோற்ற பாட்டு தனியாக முணுமுணுக்கத்தான் ஏற்றது. போட்டிப் பதிவேட்டில் அதற்கு இன்றும் 3 புள்ளிதான். ஆனால் பதினொன்றாக ஐந்து நிமிடம் இருந்தபோது அது ஒலிக்காமல் போயிருந்தால், கார்மு சதுக்கத்துக்கு அன்று யாரும் வந்திருக்க மாட்டார்கள்.