காத்திருக்க முடியாத காபி

2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா காபியின் விலை ஒரு பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அதுவரை யாரும் பார்த்திராத விலை. அந்தப் பணம் செடி வைத்தவர் வீடுவரை போய்ச் சேர்ந்ததா என்று இந்தோனேசியாவின் மேடான் நகரில் பச்சைக் காபிக்கொட்டை வியாபாரம் செய்யும் நண்பரிடம் கேட்டேன். "போன்ல கேட்டா புரியாதுங்க, கயோ மலைக்கு வந்து பாருங்க" என்றார். டச்சுக்காரர்கள் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூட்டிப்போன தமிழர்களின் வழியில் வந்தவர். கயோவில் எனக்கு வழிகாட்டியும் மொழிபெயர்ப்பாளரும் அவரே.

சுமத்ராவின் வடக்கே அச்சே மாகாணத்தின் உள்மலைதான் கயோ. தாக்கெங்கோன் ஊர், லாவுத் தாவார் ஏரி, சுற்றிலும் 1,200 மீட்டருக்கு மேலே ஏறிக்கொண்டே போகும் சரிவுகள். காபிக்கு நிழல் தருவது நம்மூர் சவுண்டல் மரம். பெரும்பாலும் சின்னச் சின்னக் குடும்பத் தோட்டங்கள். பழம் பறிப்பவர்களில் பெண்களே அதிகம்.

இந்தோனேசியாவுக்குக் காபி போனதே மலபாரிலிருந்துதான். 1696இல் டச்சுக் கம்பெனி ஜாவாவின் பத்தாவியாவுக்குக் கொண்டுபோன செடிகள் பிழைக்கவில்லை. 1699இல் மறுபடி கொண்டுபோனவை பிழைத்தன. 1711இல் ஜாவாக் காபி ஆம்ஸ்டர்டாமில் ஏலத்துக்கு வந்துவிட்டது. 1830க்குப் பிறகு ஜாவாவின் குடியானவர்களைக் கட்டாயப்படுத்திக் காபி வளர்க்க வைத்த கதை தனி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த இலைத்துரு நோய் தாழ்வான பகுதிகளின் அரபிகாவை அழித்தது. இன்று அந்நாட்டில் விளைவது பெரும்பாலும் ரொபஸ்டா. அரபிகா உயரமான இடங்களில்தான் நிற்கிறது. 1904இல் டச்சுத் தளபதி வான் டாலனின் படை கயோ மலைக்குள் புகுந்து ஊர் ஊராக மக்களைக் கொன்றது. அதற்குப் பின்னால்தான் இங்கே டச்சுத் தோட்டங்கள் வந்தன.

நாங்கள் போன வீட்டு அம்மாவுக்கு அறுபதை ஒட்டிய வயது. நண்பர் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார். "பேரெல்லாம் போட வேண்டாம் தம்பி, டோக்கே படிச்சாலும் படிப்பார்" என்று சொல்லிச் சிரித்தார் அந்த அம்மா. டோக்கே என்பவர் ஊர் வியாபாரி.

கொல்லையில் கையால் சுற்றும் பல்பர் ஒன்று நிற்கிறது. மரச்சட்டம், மேலே பழம் கொட்டும் வாய், உள்ளே செம்புத்தகடு போர்த்திய உருளை, பக்கத்தில் இரும்புச் சக்கரம். தகடு முழுக்கச் சின்னச் சின்னப் புடைப்புகள். சக்கரத்தைச் சுற்றினால் தோல் ஒரு பக்கமும் வழவழப்பான கொட்டை இன்னொரு பக்கமும் விழுகின்றன. இடைவெளி கூடினால் பழம் தோலோடு வந்துவிடும், குறைந்தால் கொட்டையில் வெட்டு விழும். அவர் கைப்பிடி பழத்தைப் போட்டு அரைச் சுற்றுச் சுற்றினார். விழுந்த கொட்டையை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத் திருகாணியைக் கொஞ்சம் இறுக்கினார். மறுபடியும் அரைச் சுற்று. அளவு சரியாகும்வரை பேச்சே இல்லை.

2001இல், அச்சே விடுதலைப் படைக்கும் ராணுவத்துக்கும் சண்டை நடந்த காலத்தில், இந்தக் குடும்பம் ஊரைவிட்டு ஓடியிருக்கிறது. 2005இல் ஹெல்சிங்கியில் ஒப்பந்தம் ஆன பிறகே திரும்பியிருக்கிறார்கள். அதற்குள் தோட்டம் புதர்க்காடாகிவிட்டது. பல்பரின் சட்டத்தைக் கரையான் தின்றிருந்தது. உருளையும் சக்கரமும்தான் மிச்சம். "புதுச்சட்டம் செய்யத்தான் டோக்கேகிட்ட முதல் கடன்" என்றார். அந்தக் கடன் அடைந்ததா என்று கேட்டேன். அது அடைந்தது, அதற்குப் பிறகு வாங்கியவைதான் நிற்கின்றன என்றார்.

உரித்த கொட்டையை ஒரு ராத்திரி சாக்கில் புளிக்கவிடுகிறார்கள். காலையில் அலசிக் களத்தில் கொட்டுகிறார்கள். நம்மூர் மலைகளில் என்றால் பார்ச்மென்ட், அதாவது மேலோடு உடைக்காத கொட்டை, முறுமுறுவெனக் காயும்வரை விடமாட்டார்கள். இங்கே சில மணி நேர வெயிலோடு சரி, மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்கிறது. பாதிக்குப் பாதி ஈரத்தோடு மூட்டை டோக்கே வீட்டுக்குப் போகிறது. அங்கே இன்னும் கொஞ்சம் உலர்த்தி, ஈரம் முப்பது சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதே இயந்திரத்தில் போட்டு மேலோட்டை உடைக்கிறார்கள். கிலிங் பாசா என்பது இந்த ஈர உடைப்புதான். இயந்திரத்திலிருந்து வந்த கொட்டையை விரலால் அழுத்திப் பார்த்தேன், நசுங்குகிறது. நிறம் பச்சையில் நீலம் ஓடியது. சிலவற்றின் நுனி ஆட்டுக்குளம்பு மாதிரி பிளந்திருந்தது. இதற்குப் பிறகுதான் தார்ப்பாயில் பரப்பி முழுக்கக் காயவைக்கிறார்கள்.

ஓடு இல்லாமல் ஈரத்தோடு காய்வதால் புளிப்பு அடங்குகிறது. நாக்கில் கனம் ஏறுகிறது. மழை பெய்த மண், தேவதாரு மரம், புகையிலை, கிராம்பு என்று வாசனைக்காரர்கள் பட்டியல் போடுகிறார்கள். மேடானில் ஒரு ஏற்றுமதிக் கூடத்தில் கரண்டியால் உறிஞ்சி உறிஞ்சி மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுமை இல்லை, வெளியே வந்துவிட்டேன். தோராஜா, பாஜாவா, பாலியில் ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே விளையும் கின்தாமணி என்று மற்ற ஊர்க் கொட்டைகளும் அங்கே இருந்தன. புனுகுப்பூனையைக் கூண்டில் அடைத்துப் பழம் தின்னவைத்து எடுக்கும் லுவாக் காபியை ஒருவர் நீட்டினார். வேண்டாம் என்றுவிட்டேன். கயோ காபிக்கு 2010இல் உள்நாட்டிலும் 2017இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் புவிசார் குறியீடு கிடைத்தது.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். காய்ந்த பார்ச்மென்ட்டை மாதக்கணக்கில் வீட்டில் அடுக்கி வைக்கலாம், விலை ஏறும்போது விற்கலாம். ஈரப் பார்ச்மென்ட்டை அப்படி வைக்க முடியாது, பூஞ்சை பிடித்துவிடும். அன்றன்றைக்கு டோக்கே சொல்வதுதான் விலை. ஈரம் எத்தனை என்று முடிவு செய்வதும் அவரே. இரண்டு கொட்டையைக் கடித்துப் பார்ப்பார், தண்ணீருக்கென்று எடையில் கழிப்பார். 2025இல் விலை உச்சத்துக்குப் போனபோது இந்த அம்மாவின் பெரிய பறிப்பு முடிந்திருந்தது. சரக்கு முழுக்க டோக்கேயின் கிடங்கில். விற்காமல் காத்திருக்கும் வசதி யாரிடம் இருக்கிறதோ அவருக்கே லாபம் போகிறது. உலகம் காசு கொடுத்துக் குடிக்கும் அந்த மண்வாசனை, மழையும் அவசரமும் சேர்ந்து செய்தது. மழை யாருடைய குற்றமும் இல்லை. அவசரம் அப்படி இல்லை, கடன் கொடுத்துக் கட்டிவைத்த அவசரம் அது.

இதைச் சொன்னதும் அந்த அம்மா என்னையே திருப்பிக் கேட்டார்: "மருமகள் பிரசவத்துக்கு ராத்திரி வண்டி அனுப்பினது டோக்கே. பேங்க் அனுப்புமா தம்பி?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கணக்கு கணக்குதான். வண்டிக்கூலியை அவர் எத்தனையோ பறிப்புகளுக்கு முன்பே கொட்டையாகக் கொடுத்து முடித்துவிட்டார் என்பதே என் எண்ணம்.

மாற்றுவழி இல்லாமல் இல்லை. பிளாஸ்டிக் கூரை போட்ட உலர்த்துகூடம், கூட்டுறவுக் கிடங்கு, பறிப்புக்கு முன்பே தரும் கடன். பெண்களே நடத்தும் கொகோவாகயோ போன்ற கூட்டுறவுகள் இங்கே இருக்கின்றன. ஒரு சிக்கலும் உண்டு. ஓட்டோடு முழுக்கக் காயவைத்தால் சுவை மாறிவிடும், சுமத்ராவின் கனத்தைத் தேடி வரும் வியாபாரி அதை வாங்கத் தயங்குவார். ஆகவே ஈர உடைப்பைக் கைவிட வேண்டியதில்லை. உடைக்கும் இயந்திரமும் ஈரம் பார்க்கும் கருவியும் கிடங்கும் விளைவித்தவர்கள் கைக்கு வந்தால் போதும்.

கயோ காபி இப்போது நம் நகரக் கடைகளுக்கும் வருகிறது. புளிப்பு குறைவு என்பதால் பாலோடு நன்றாகச் சேரும், டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்கும். வாங்குங்கள். வாங்கும்போது கடைக்காரரிடம் வாசனைப் பட்டியலைக் கேட்காதீர்கள். எந்தக் கூட்டுறவிடம் எடுத்தார், விளைவித்தவருக்கு என்ன விலை போனது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தப் பாக்கெட்டைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.